நிறம் போன தண்ணீர்

அக்டோபர் 10, வியாழன்

ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், "கோவம் வந்தா வாயைத் தொறக்காதீங்க, ஒரு நோட்டுல எழுதிருங்க" என்றார். மாத்திரை ஒரு மாதத்துக்கு வரும். நோட்டு அவ்வளவு நாள் வராது. என் மச்சானோடு வேலை பார்க்கிறவனுக்கு வரவே வராது.

மச்சான் வெள்ளியங்கிரி, என் மனைவி சொர்ணலதாவின் அண்ணன். பதினொரு சாயப்பட்டறைக்காரர்கள் சேர்ந்து கட்டிய பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு அவர்தான் தலைவர், நான் பொறுப்பாளன். அவர் வீட்டுக்குப் போனால் நான் மாப்பிள்ளை, பந்தியில் முதல் இலை எனக்கு. நிலையத்தில் அவர் கார் ஹாரன் கேட்டதும் எழுந்து ஓட வேண்டியவனும் நானே. இரண்டு இடத்திலும் அவர் என்னை 'வாங்க போங்க' என்றுதான் கூப்பிடுவார். அதுதான் தாங்க முடியவில்லை. மரியாதையாகப் பேசுகிறவனை எப்படித் திட்டுவது?

நாளை ஆயுத பூஜை. காற்றுத் தொட்டிக்குக் காற்றடிக்கும் ப்ளோயரை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்று ஆபரேட்டர் சின்ராசுவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

நிறுத்திவிட்டார்கள்.

நான் போய்ச் சேருவதற்குள் ப்ளோயரைக் குளிப்பாட்டி, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை சாத்தியாகிவிட்டது. எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. மச்சான் பட்டு வேட்டியில் நின்றார்.

"மச்சான், அதை மட்டும் நிறுத்தப்படாதுங்க. தொட்டிக்குள்ள இருக்கறது உசுரு. அதுகளுக்குக் காத்து வேணும்" என்றேன்.

"பூசை போட்ட மிசினை ஓட்டப்படாதுங்க மாப்ள. நம்ம அய்யன் காலத்துலிருந்து அப்படித்தானுங்க. நல்ல நேரம் பாத்து எடுத்துக்கலாம்."

"அது மிசின் இல்லீங்க மச்சான், மூச்சு."

"ஒரு நாளைக்கு மூச்சடக்குனா செத்தா போயிருமுங்க? நானெல்லாம் சின்ன வயசுல கெணத்துக்குள்ள முங்குனா அரை மணி நேரம் வெளிய வரமாட்டனுங்க."

பட்டறைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் கையில் ஒரு பொட்டலம் பொரியும் ஒரு வாழைப்பழமும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பல்லைக் கடித்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

நல்ல நேரம் இன்னும் வரவில்லை. ப்ளோயருக்குக் கரண்ட் கொடுக்கும் மின்பலகையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மச்சான் குடும்பத்தோடு திருச்செந்தூர் போய்விட்டார். போன் எடுக்கவில்லை. தொட்டி அழுகிய முட்டை நாற்றம் நாறுகிறது. பழுப்பாக இருந்த கசடு கன்னங்கரேலென்று மேலே மிதக்கிறது. வருஷக்கணக்காக ஊட்டி வளர்த்த உயிர்கள். அழுகை வந்தது. அழவில்லை, சின்ராசுவைத் திட்டினேன்.

அக்டோபர் 16, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மச்சான் வந்து இறங்கினார். மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசித் தொட்டிக்குப் போனார். மணல் வடிகட்டி தாண்டி வரும் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். பளிங்கு போல் இருந்தது. நேற்று வரை அந்தக் குழாயில் வந்தது வெளிறிய செம்பருத்தித் தண்ணீர்.

"மாப்ள! என்னங்க இது! கலரே இல்லீங்க!"

கூட்டம் கூடிவிட்டது. செல்போனில் படம் எடுத்தார்கள். ஒருவர் சரஸ்வதி கடாட்சம் என்றார். இன்னொருவர் தேங்காய் வாங்கிவர ஆள் அனுப்பினார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இங்கே எழுதி வைக்கிறேன், இந்த நோட்டாவது மறுத்துப் பேசாது. சாயம் என்பது ஒரு சங்கிலி. காற்றே படாத முதல் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தச் சங்கிலியை நடுவில் அறுக்கும். அறுந்தால் நிறம் போய்விடும். ஆனால் அறுந்த துண்டுகள் தண்ணீரிலேயே கிடக்கும், கண்ணுக்குத் தெரியாமல். சாயத்தைவிடப் பொல்லாதவை அவை. அவற்றைத் தின்று தீர்ப்பது இரண்டாவது தொட்டியில் இருக்கும் உயிர்கள். அவற்றுக்குத்தான் காற்று வேண்டும். காற்றை நிறுத்தியதும் இரண்டாவது தொட்டியும் முதல் தொட்டி மாதிரியே ஆகிவிட்டது. மிச்சமிருந்த நிறமும் அறுந்தது. தின்ன ஆளில்லாமல் துண்டுகள் மொத்தமும் வெளியே போகின்றன.

நிறம் போயிற்று. விஷம் போகவில்லை. இதைச் சொன்னேன். தேங்காய் உடைக்கிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

கூட்டம் போட்டார்கள். ப்ளோயரை இனி ஓட்டுவதில்லை என்று தீர்மானம். நிலையத்தில் மின்சாரம் தின்பதே அதுதான். கரண்டும் மிச்சம், நிறமும் போகிறது என்றால் எவன் வேண்டாம் என்பான்? நாற்றத்துக்குச் சாம்பிராணி போடச் சொல்லியிருக்கிறார்கள். நான் சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்கிறேனா, கோயிலில் இருக்கிறேனா?

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதப் போகிறேன். தலைவர் மச்சானாக இருந்தால் என்ன, மாமனாராக இருந்தால் என்ன. நாளைக்கே எழுதுவேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மனுவை வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து முடித்தேன். காரமாக வந்திருக்கிறது. சொர்ணா எட்டிப் பார்த்து முழுவதையும் படித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அண்ணனைப் பற்றி எழுதினால் பிடிக்குமா? பிரிண்டரில் மை இல்லை.

அக்டோபர் 26, சனி

நிலைய அலுவலகத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. சுத்திகரித்த தண்ணீரில் மீன் விட்டிருப்போம், பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட. லேசாகச் சிவந்த தண்ணீரில் அந்த மீன்கள் இரண்டு வருஷம் கொழுகொழுவென்று நீந்தின. இந்தப் பளிங்குத் தண்ணீரில் எல்லாம் மல்லாந்துவிட்டன.

மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "கடைக்காரன் வயசான மீனாக் குடுத்துப்போட்டானுங்க" என்றார்.

சாயங்காலம் புது மீன்கள் வந்தன. கூடவே இரண்டு கேன் குடிதண்ணீரும் வந்தது. மீன் தொட்டிக்கு இனி அதுதான் ஊற்ற வேண்டுமாம்.

தெரிகிறது! அவருக்குத் தெரிகிறது! முட்டாளாக இருந்தால்கூட மன்னித்துவிடுவேன்.

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளிக்கு மறுநாள் விருந்து, மச்சான் வீட்டில். முதல் இலை எனக்கு. வடையைக் கல் மாதிரி மென்றேன்.

சாப்பிட்டதும் அவருடைய காங்கேயம் காளையைப் பார்க்கக் கூட்டிப்போனார். சாம்பல் கலந்த மயிலை நிறம், திமில் மட்டும் கறுப்பு. பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் 'தங்கம்' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை, அந்தக் காளையைக் கூப்பிடுவார். சொர்ணா கூடவே வந்து அண்ணனிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள்.

"காளைக்கு எந்தத் தண்ணிங்கண்ணா வெக்கறீங்க?"

"போர்த்தண்ணிதான் அம்மிணி. அதும் வடிகட்டித்தான் வெக்கறது."

"நெலயத்துத் தண்ணி பளிங்காட்ட வருதுன்னு ஊரே சொல்லுதுங்களே."

"அது அங்க இருக்கட்டும் கண்ணு. நீ பணியாரம் எடுத்துட்டுப் போ."

நான் உள்ளே எரிந்துகொண்டிருக்கிறேன், இவளுக்குக் காளை மாட்டுத் தண்ணீர் விசாரணை.

நவம்பர் 8, வெள்ளி

நிலையத்தை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் நாச்சிமுத்து அண்ணன் வந்திருந்தார். எங்களோடு சண்டை போட்டே நரைத்த மனிதர். சிவப்புத் தண்ணீர் அவர் வரப்பில் கசிந்த ஒவ்வொரு நாளும் வந்து கத்தியிருக்கிறார். இன்று கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"தண்ணி இத்தன வெள்ளையாக்கிப் போட்டீங்களே, நல்லா இருக்கோணுமுங்க. தலைவர்ட்டயும் சொல்லிப்போட்டனுங்க. இனி தீவனப் புல்லுக்கு அந்தத் தண்ணியவே உட்டுக்கறேன். மாட்டுத் தாழிக்கும் அதான்."

"வேண்டாமுங்கண்ணா. அது கெட்ட தண்ணி."

அவர் முகம் மாறியது. "ஏனுங்க, செவப்பா வந்தப்ப, ஒண்ணும் பண்ணாது, பயப்படாதீங்கன்னு சொன்னது நீங்கதானுங்க?"

"ஆமாங்க."

"இப்ப வெள்ளையா வந்தா கெட்டதுங்கறீங்க?"

"ஆமாங்க. அது வந்துங்க, சாயம் ஒரு சங்கிலி மாதிரிங்க..."

"எனக்குக் கண்ணு தெரியுதுங்க" என்றார். "நல்ல தண்ணிய நாங்க எடுத்தா மட்டும் ஏன் வவுத்தெரிச்சல் உங்களுக்கு?"

வாழைப்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. பத்து வருஷமாக நிறத்தைக் காட்டித்தான் ஊரை நாங்கள் பயமுறுத்தியும் வைத்தோம், சமாதானமும் செய்தோம். துண்டுகளைப் பற்றி யார் யாரிடம் பேசினோம்?

நவம்பர் 19, செவ்வாய்

வீட்டுக்கு வந்தால் மாடியில் மிளகாய்ச் செடித் தொட்டிகள் ஒரு வரிசை முழுக்கக் கருகி நிற்கின்றன. பக்கத்து வரிசை பச்சையாக இருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றி ஒரு பக்கம் மறந்துவிடுகிறாள். அப்படி ஞாபகம் எங்கே போகிறது? கத்தினேன். "நாந்தானுங்க ஊத்துனேன், ரெண்டுக்கும் ஊத்துனேன்" என்றாள். ஊற்றினால் ஏன் கருகும் என்று கேட்டேன். "அதத்தானுங்க நானும் பாக்கறேன்" என்றாள். எதிர்த்துப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

சமையலறை ஜன்னலில் ஒரு பாட்டில் திறந்தபடி, உள்ளே டீத்தண்ணீர் நிறத்தில் ஏதோ. என்ன கஷாயம், யாருக்குச் சளி என்று கேட்டேன். பாட்டிலை எடுத்துக் கீழே கொட்டப் போனேன். பிடுங்கிக்கொண்டாள்.

டிசம்பர் 12, வியாழன்

நாச்சிமுத்து அண்ணனுடைய பசுவுக்குச் சினை கலைந்துவிட்டது. ஏழு மாதம்.

சண்டைக்கு வரவில்லை. கேட்டுக்கு வெளியே துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "உள்ள வாங்கண்ணா" என்றேன். வரவில்லை.

"வைத்தியர் ஆயிரம் காரணம் இருக்குங்கறாருங்க. நீங்க படிச்சவரு. தண்ணியில எதுனாச்சுங்களா?"

தண்ணீர்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. இதைத்தான் சொன்னேன். என் குரலை நானே வெறுத்தேன்.

"அன்னைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாமுங்க" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

மச்சானைப் போனில் கூப்பிட்டேன். "மாடுன்னா சினை கலையறதுதானுங்க மாப்ள. வேணுமுன்னா அவருக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கிக் குடுத்தர்லாம்" என்றார். போனைச் சுவரில் எறிந்தேன். ஸ்க்ரீன் உடைந்தது. என் போன்தான், அவர் போன் இல்லை.

டிசம்பர் 13, வெள்ளி

மனுவில் பசுவையும் சேர்த்து மாற்றி எழுதினேன். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. சத்தமாகப் படித்தும் பார்த்தேன்.

சொர்ணா வந்து நின்றாள். "அனுப்பிட்டீங்களா?"

"மை இல்லையே. எத்தனை தடவை சொல்றது?"

"ஏனுங்க மாமா, கோவம் வந்தா எழுதறீங்க. எழுதுனாக் கோவம் எறங்கிருது. எறங்குன பொறவு எதுக்கு அனுப்போணும்?"

அண்ணனுக்கு வக்காலத்து வாங்குகிறாள், அதுவும் எவ்வளவு நாசூக்காக. நான் அனுப்பினால் அவள் பிறந்த வீட்டுக்கு நான் போக முடியுமா, அவள்தான் போக முடியுமா? இவளை நினைத்துத்தானே தயங்குகிறேன். இவளை நினைத்து மட்டும்தான். வேறென்ன பயம் எனக்கு?

டிசம்பர் 30, திங்கள்

பொங்கல் முடிந்ததும் மூன்று ஊர்களிலிருந்து நிலையக்காரர்கள் வருகிறார்களாம், எங்கள் 'முறையை'க் கற்றுக்கொள்ள. ப்ளோயர் இல்லாமலே நிறம் நீக்கும் முறை. விளக்கிச் சொல்ல வேண்டியது யார்? பொறுப்பாளர். மச்சான் எனக்குப் புதுச் சட்டை எடுத்து அனுப்பியிருக்கிறார். வெள்ளைச் சட்டை.

பீரோவில் போட்டுப் பூட்டினேன். இன்னும் மூன்று ஊர்த் தண்ணீர். இன்னும் எத்தனை தாழிகள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சர்க்கரைப் பொங்கல் கசந்தது. நிலையத்திலிருந்து சின்ராசு போன் செய்தான், சொர்ணாம்மா நேற்றும் வந்து இரண்டு கேனில் வெளிக்குழாய்த் தண்ணீர் பிடித்துப் போனார்கள், நாளைக் காலையில் இன்னொன்று பிடிக்க வருவார்களாம், கொடுக்கலாமா என்று. வீடு கழுவவாம். வீடு கழுவ உலகத்தில் வேறு தண்ணீரே இல்லையா? என் கோபம் இவளுக்கு விளையாட்டாகப் போய்விட்டது. நல்ல நாளில் கத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 15, புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் மச்சான் வீட்டில் பட்டிப் பொங்கல் விமரிசையாக நடக்கும். மாட்டுப் பட்டியில் சாணத்தால் கரை கட்டிச் சின்னதாக ஒரு தெப்பக்குளம் செய்வார்கள். அதில் தண்ணீர் நிரப்பிப் பூப்போட்டு, முதலில் காளையைக் கொண்டுவந்து வாய் வைக்கவிட்டு, பிறகு மிதித்துத் தாண்டவிடுவார்கள். பட்டி பெருகும் என்று நம்பிக்கை. அந்த வீட்டு வழக்கப்படி தெப்பக்குளத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் அங்கே பிறந்த பெண். பிறகு அண்ணன் தட்டில் சேலை வைத்துச் சீர் கொடுப்பார்.

வாசல் நிறைய சொந்தம். பட்டறைக்காரர்களில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர் என்ற முறையில் நாச்சிமுத்து அண்ணனையும் அழைத்திருந்தார்கள். ஓரமாக நின்றார்.

சொர்ணா குடத்தோடு வந்து தெப்பக்குளத்தை நிரப்பினாள். தெளிந்த தண்ணீர். சாமந்தியும் ஆவாரம்பூவும் மிதந்தன. எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த, தட்டைத் தட்டிக்கொண்டு காளையைக் கொண்டுவந்தார்கள். கொம்புக்கு வர்ணம், கழுத்தில் சலங்கை. மச்சானே கயிற்றைப் பிடித்திருந்தார்.

"வா தங்கம், வாய் வை."

காளை குனிந்தது. அப்போது சொர்ணா சொன்னாள். கத்தவில்லை, பரிமாறும்போது கேட்பது போலத்தான் சொன்னாள்.

"நெலயத்துத் தண்ணிங்கண்ணா. காலைல போய்ப் புடிச்சாந்தேன். பளிங்காட்ட இருக்குதுங்களா?"

மச்சான் கயிற்றைச் சுண்டி இழுத்தார். காளையின் தலை ஒரு பக்கமாகத் திரும்பி, அது வலியில் கத்தியது. அவரும் அதோடு சாய்ந்து சாணத்தில் முழங்கால் ஊன்றினார். அப்படியும் கயிற்றை விடவில்லை. காளையின் வாயைத் தன் பட்டு வேட்டியால் துடைத்தார். அதன் உதடு இன்னும் நனையவே இல்லை.

தட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

நாச்சிமுத்து அண்ணன்தான் முதலில் பேசினார். "ஏனுங்க தலைவரே. எம்பட மாடு குடிக்கலாம். உங்க மாடு குடிக்கப்படாதுங்களா?"

மச்சான் எழுந்து சிரிக்கப் பார்த்தார். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுங்க இது. அம்மிணி வெளையாட்டுக்கு..."

"வெளையாட்டு இல்லீங்கண்ணா." சொர்ணா முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் திண்டில் வைத்தாள். சமையலறை ஜன்னல் பாட்டில். "இதும் அதே தண்ணிதானுங்க, தீவாளி முடிஞ்சதும் புடிச்சாந்தது. பளிங்காட்ட இருந்துச்சு. காத்துல தொறந்து வெச்சேன், டீத்தண்ணியாட்ட ஆயிருச்சு. இந்தத் தண்ணி ஊத்துன செடியெல்லாம் கருகிப்போச்சு, நல்ல தண்ணி ஊத்துனது நிக்குது. வந்து பாக்கறவங்க பாக்கலாம்."

துண்டுகள் காற்றுப் பட்டால் மறுபடி நிறம் கொள்ளும். புத்தகத்தில் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். அந்தப் பாட்டிலைத்தான் கஷாயம் என்று கொட்டப் போனேன்.

மச்சான் பேச்சை மாற்ற அவசரமாகச் சீர்த்தட்டை எடுத்து நீட்டினார். மாம்பழ நிறத்தில் சேலை. சொர்ணா தட்டைத் தொடவில்லை.

"இந்த வருசம் எனக்குச் சீலை வேண்டாமுங்கண்ணா. மின்பலகைச் சாவி குடுங்க."

வீட்டில் பிறந்த பெண் சீர் கேட்டு, அண்ணன் அத்தனை சொந்தத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்ல முடியாது, அதுவும் பட்டியில் வைத்து. அவர் என்னைப் பார்த்தார், மாப்ள, நீங்களாவது சொல்லுங்க என்பது போல. நான் முன்னால் போய் நின்றேன். போய் அவள் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை மாதம் இந்த நோட்டில் இவ்வளவு எழுதியவனுக்கு அங்கே ஒரு வார்த்தை வரவில்லை.

மச்சான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துச் சேலை மேல் வைத்தார். சொர்ணா சாவியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஜனவரி 16, வியாழன்

காலையில் ப்ளோயர் ஓடியது. அந்த இரைச்சல் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! சந்தனம் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நல்ல தொட்டி வைத்திருக்கும் பக்கத்து ஊர் நிலையத்தில் கெஞ்சி ஒரு லாரி உயிர்க்கசடு வாங்கி ஊற்றினோம். பிழைத்து வர வாரக்கணக்காகும். அதுவரை சொட்டுத் தண்ணீர் வெளியே போகாது என்று பட்டறைகளுக்குச் சொல்லிவிட்டேன். போனில் ஏழு பேர் திட்டினார்கள். நானும் திட்டினேன், வாயால்.

பட்டறைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுகிறார்களாம். சாவியைத் திரும்ப வாங்க. வேறு பொறுப்பாளர் பார்க்கவும் இருக்கலாம்.

சாயங்காலம் சொர்ணாவிடம் கேட்டேன், ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. கோபமாகத்தான் கேட்டேன்.

"சொன்னா நோட்டுல எழுதிருப்பீங்க" என்றாள்.

கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். மனுவைத் திறந்தேன். பிரிண்டரைப் பார்த்தேன். கேட்க வாயெடுப்பதற்குள் அவள் அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

"கீழ் டிராயர்ல இருக்குதுங்க மை. அக்டோபர்லயே வாங்கி வெச்சுட்டேன். நீங்கதான் தொறக்கவே இல்ல."

டிராயரை இழுத்தேன். மனுவின் மேல்தான் இருந்தது என் கண், கை மட்டும் மைப் பெட்டியைப் பிரித்தது.